நல்ல தண்ணீர் உள்ள வீடு

கண்டாவளையில் எந்த வீட்டு வாசலிலும் 'டு லெட்' பலகை தொங்குவதில்லை. இது முன்பே தெரிந்திருந்தால் முதல் இரண்டு நாள் வெயிலில் பலகை தேடி அலைந்திருக்க மாட்டேன். ஈரோட்டிலும் கோயம்புத்தூரிலும் வாடகை வீடு மாறி மாறியே பாதி வயதைக் கழித்தவள் நான். தெருவில் நடந்தால் கண் தானாக மாடி ஜன்னலுக்குப் போகும். இங்கே மாடியும் இல்லை, பலகையும் இல்லை. பூட்டிய வீடுகள் மட்டும் வேண்டிய அளவுக்கு இருந்தன.

நான் பால்காரி. கறப்பவள் அல்ல, பாலைச் சோதிப்பவள். கிளிநொச்சியில் ஒரு பால் சேகரிப்பு நிலையத்தில் தயிர் போடும் பிரிவு தொடங்குகிறோம், சில மாதங்கள் தங்கிப் பழக்கிக் கொடுங்கள் என்று கூப்பிட்டார்கள். கணவர் காலமாகிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. மகனும் கல்லூரி விடுதிக்குப் போன பிறகு வீட்டில் நானும் குளிர்சாதனப் பெட்டியும்தான். அது முனகும், நான் பதில் சொல்வேன். இந்த நிலைமை முற்றுவதற்குள் கிளம்பிவிடுவது நல்லது என்று தோன்றியது.

கொழும்பிலிருந்து வந்த இரவு பஸ்ஸில் தூங்கவும் இல்லை, முழுதாக விழித்திருக்கவும் இல்லை. பின்னால் ஓர் இளைஞன் போனில் சிங்களத்தில் மெல்லப் பேசிக்கொண்டே வந்தான். பக்கத்தில் இருந்த அம்மா நான் கேட்காமலே மொழிபெயர்த்தார்: "வவுனியாவில வேலையாம். அறை கிடைச்சிட்டுதாம், ஆனா யன்னல் இல்லையாம். மனிசி பேசுறா போல, இவர் சமாதானம் சொல்லுறார்." முகம் தெரியாத அந்த மனைவிக்காக அவனுக்கு ஒரு ஜன்னல் கிடைக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். வேண்டுதலில் என் பங்கையும் சேர்த்துக்கொண்டேன்.

விடியும் நேரத்தில் முறிகண்டிக் கோயிலடியில் பஸ் நின்றது. எல்லோரும் இறங்கித் தேங்காய் உடைத்தார்கள். நானும் அரைக்கண்ணோடு இறங்கி வறுத்த கடலை ஒரு பை வாங்கினேன். இங்கே அதற்குக் கச்சான் என்று பெயர். அந்தச் சூட்டை மடியில் வைத்ததுதான் தாமதம், அப்படியொரு தூக்கம். கிளிநொச்சி வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. கண்டக்டர் கம்பியில் தட்டி எழுப்பியபோது பரந்தன் சந்தியில் இருந்தேன்.

சந்தியில் பனி இன்னும் கலையவில்லை. அதற்குள்ளிருந்து முதலில் பாலின் வாசனை வந்தது, பிறகு கேன்கள் உரசும் சத்தம், கடைசியாகத்தான் ஆட்டோ கண்ணுக்குத் தெரிந்தது. ஓட்டி வந்தவர் தவம். முப்பத்தைந்து வயது இருக்கும். கண்டாவளைப் பக்கத்து வீடுகளில் பால் எடுத்து நிலையத்துக்குக் கொண்டுபோகிறவர். நான் போக வேண்டிய அதே நிலையம்.

"இந்தியாவில இருந்து வாற பால் அக்கா நீங்களோ? கேனுகளுக்கு நடுவில இருப்பியள் எண்டா ஏறுங்கோ."

இருந்தேன். அன்றிலிருந்து கண்டாவளைச் சாலையில் என் வாகனம் அதுதான். முழங்காலுக்கு இந்தப் பக்கம் ஒரு கேன், அந்தப் பக்கம் ஒரு கேன். பள்ளத்தில் இறங்கினால் எல்லோரும் சேர்ந்து குதிப்போம்.

நிலையத்தில் கொடுத்த முதல் தேநீரைப் பற்றி எழுதாமல் போக முடியாது. சுற்றிலும் பால், தரையெல்லாம் பால், ஆனால் தேநீர் மட்டும் டப்பாவிலிருந்து எடுத்த பால்மாவில் போட்டது. எனக்கு மயக்கம் வராத குறை. "பசும்பால்ல போட்டா என்னங்க?" என்று கேட்டேன். தேநீர் கொண்டுவந்த பெண் நான் ஏதோ மருந்து கேட்டதுபோல் பார்த்தாள். "பால்தேத்தண்ணி எண்டா இதுதானே அக்கா" என்றாள். ஒரு வாரத்தில் அந்த ருசி பழகிவிட்டது என்பதை ஊரில் யாரிடமும் சொல்லப்போவதில்லை.

முதலில் டவுனில் ஒரு லாட்ஜ் அறை. ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர். பஸ்ஸில் வந்த இளைஞனைவிட நான் ஒன்றும் முன்னேறவில்லை. வேலை முடிந்த மாலைகளில் தவம் என்னை வீடு பார்க்கக் கூட்டிப்போனார்.

ஒரு வீடு நெல்வயல் நடுவே பச்சை வண்ணத்தில் பளபளத்தது. சொந்தக்காரர் கனடாவில். போனில் நன்றாகப் பேசி, கடைசியில், "வாற வருசம் நாங்கள் வந்தா எங்க தங்கிறது?" என்று அவரே யோசனையில் ஆழ்ந்துவிட்டார். இன்னொரு வீட்டில் குளியலறைக் கதவைத் திறந்ததும் உத்தரத்திலிருந்து முழுப் பாம்புச் சட்டை ஒன்று தொங்கியது. "ஆள் வெளியில போட்டுது, பயமில்லை" என்றார் தவம். மூன்றாவது வீட்டில் வயதான தம்பதியர் இருந்தார்கள். "வாடகையோ? தனிப் பொம்பிளை, சும்மா வந்து இருங்கோ பிள்ளை" என்றார்கள். சும்மா இருக்கும் வீட்டில் இஷ்டத்துக்கு ஆணி அடிக்க முடியாது என்பது என் அனுபவம். கும்பிட்டு வந்தேன்.

எங்கள் பக்கத்தில் வீட்டுக்காரர் கேட்கும் கேள்விகள் எனக்கு மனப்பாடம். கறி சமைப்பீர்களா, யார் யார் வருவார்கள், கணவர் எங்கே. மூன்றாவது கேள்விக்குப் பதில் சொன்னதும் வீடு இல்லை என்றாகிவிடும். இங்கே எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: "தனியவோ? பயமில்லையோ?" அதைக் கேட்டபோதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் இளகியது.

பிறகு அந்த வீடு.

வாய்க்கால் கரையோடு வந்து ஒரு புளிய மரத்தில் திரும்பினால் படலை. படலை என்றால் வேலியில் வைத்த வாசல் கதவு. உள்ளே சின்ன வீடு, இரண்டு அறை, ஒரு விறாந்தை, பின்னால் குசினி, அதாவது சமையலறை. எல்லா அறையிலும் ஜன்னல். மேற்குப் பக்க ஜன்னலைத் திறந்தேன். கண்ணுக்கெட்டும் வரை வயல், அதற்கு அந்தப் பக்கம் பனைகள், மாலை வெயில் எல்லாவற்றின் மேலும் தூசியோடு மிதந்தது. தவம் எனக்குப் பின்னால் சாவியை ஆட்டிக்கொண்டிருந்தார். சொந்தக்காரர் சிவபாலன் அவருக்குத் தூரத்து உறவு, பிரான்சில் இருப்பவர்.

"முதல்ல கிணத்தடிக்கு வாங்கோ. இந்தப் பக்கத்தில வீடு பாக்கிறதெண்டா தண்ணியைத்தான் பாக்கோணும்."

ஒரு வாளி இறைத்து என் கையில் ஊற்றினார். குடித்தேன். நாக்கை நம்பிப் பிழைப்பவள் நான். உப்பும் இல்லை, இரும்பு வாடையும் இல்லை, தொண்டையில் இறங்கிய பிறகு மெல்லிய இனிப்பு ஒன்று மேலே வந்தது.

"சுத்திவரச் சவர்த் தண்ணி அக்கா. வாயில வைக்கேலாது, மாடும் குடியாது. இந்தக் கிணறு மட்டும் நல்ல தண்ணி. ஆருக்கும் காரணம் தெரியாது."

அன்றே சிவபாலனிடம் பேசினேன். மரியாதையான, களைத்த குரல். "வடிவா இருங்கோ தங்கச்சி. ஒண்டே ஒண்டுதான், வேலி பழசு. ஆடு மாடு பூந்திடும். செலவை நான் பாக்கிறன், ஒருக்கா முழுசா அடைப்பிச்சு விடுங்கோ." இவ்வளவு அக்கறையான வீட்டுக்காரரை நான் கோயம்புத்தூரில் கண்டதில்லை. சரிங்க, சரிங்க என்று நிறையச் சொன்னேன்.

பால் காய்ச்சும் அன்று பக்கத்து வளவிலிருந்து, அதாவது அடுத்த வீட்டு மனையிலிருந்து, ஒரு பெண் வந்தார். ஐம்பதைத் தாண்டியவர், ஒல்லி, நெற்றியில் திருநீறு. கையில் ஒரு செம்புப் பால். "தவம் தம்பி சொன்னிச்சு. மாவுல காய்ச்சக் கூடாதில்ல" என்று நீட்டினார். அவர்தான் பாக்கியம் அக்கா. அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே தகப்பன் மலையகத் தோட்டத்தை விட்டு இங்கே வந்து குடியேறினாராம். மற்றவர்களிடம் வன்னிப் பேச்சும் என்னிடம் தன் வீட்டுப் பேச்சுமாகப் பேசினார். "எங்க ஆளுங்களுக்கும் பூர்வீகம் அங்கிட்டுத்தான். துறையூராம். நான் பாத்ததில்ல."

பால் பொங்கி நல்ல திசையில் வழிந்தது. அக்கா கதிரையின் நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"தண்ணி எப்படி, தங்கச்சி?"

"அமிர்தமா இருக்குதுங்க அக்கா."

அவர் சிரித்தார். இன்னும் ஏதோ நான் சொல்லப்போகிறேன் என்பதுபோல் கொஞ்ச நேரம் இருந்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. "நல்லது, வாறன்" என்று எழுந்து படலை வழியாக வெளியே போய், தெருவைச் சுற்றிக்கொண்டு தன் வீட்டுக்குப் போனார். பக்கத்து வீட்டுக்கு எவ்வளவு தூரம் நடக்கிறார், என்ன மரியாதையான ஊர் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு வந்த நாட்களை எப்படி எழுதுவது? காலையில் மயில்கள் கூரையில் நடக்கும் சத்தத்தில் எழுவேன். பனிக்குள் தவத்தின் ஆட்டோ வரும். மாலையில் திரும்பினால் வீடு எனக்காக ஏதோ செய்து வைத்திருக்கும். கிணற்றுக் கட்டு ஈரமாக இருக்கும். வாளி நிறைந்திருக்கும். முற்றத்தில் சருகு இருக்காது. செம்பரத்தை மரத்தடியில் மண் நனைந்திருக்கும். நான் ஆராயவில்லை. தனியாக இருப்பவளுக்கு ஒரு வீடு தண்ணீர் இறைத்து வைக்கிறது என்றால் அதை யாராவது ஆராய்வார்களா? விறாந்தையில் உட்கார்ந்து, இறைத்து வைத்த தண்ணீரை மொண்டு குடித்து, வயலைப் பார்த்தபடி அப்படியே இருட்டும்வரை இருப்பேன். நான் தேடிய வீடு இதுதான், இதற்குத்தான் அத்தனை வீடு மாறினேன் என்று தோன்றும்.

இந்தக் கனவு வாழ்க்கைக்குள் ஒரு கன்றுக்குட்டி புகுந்தது. வெள்ளை நெற்றிச் சுட்டியோடு, ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் குளித்துக்கொண்டிருந்தபோது. வெளியே வந்தால் என் கொத்தமல்லிப் பாத்தி காலி. கொடியில் காய்ந்த சேலையின் முந்தானை அதன் வாயில். பாதி அதற்கு, பாதி எனக்கு என்று இழுத்துப் பிடுங்கினேன். துரத்தினேன். கன்று கிணற்றுக்குப் பின்னால் ஓடி, வேலி மூலையில் இருந்த ஓர் ஓட்டையில் நுழைந்து மறைந்தது. ஆள் குனிந்து போகும் அளவு ஓட்டை. ஓரத்துக் கட்டைகள் தேய்ந்து வழவழவென்று இருந்தன. கன்றுகள் உரசி உரசித் தேய்ந்தது என்று முடிவு கட்டினேன். கால்நடையோடு இத்தனை வருடம் பழகியவள் என்ற தலைக்கனம் வேறு.

வேலி அடைக்கும் சின்னராசா ஐயாவைத் தவம் அனுப்பிவைத்தார். ஐயா மற்றப் பக்கமெல்லாம் விறுவிறுவென்று கட்டினார். மூலைக்கு வந்ததும் நின்றார்.

"பிள்ளை, இதையுமோ?"

"அதுக்குத்தானுங்க முக்கியமா கூப்பிட்டேன்."

"வடிவா யோசிச்சனீங்களோ?"

"யோசிக்க என்னங்க இருக்குது? வீட்டுக்காரரே முழுசா அடைக்கச் சொல்லியிருக்காரு."

ஐயா என் முகத்தைப் பார்த்தார். பிறகு கட்டை நட்டு, முள்ளுக்கம்பி இழுத்து, பனை மட்டை வைத்துக் கட்டினார். நான் போட்ட தேநீரைக் குடிக்காமல் போய்விட்டார். வயதானவர், சர்க்கரை வியாதியாக இருக்கும் என்று நினைத்தேன்.

மறுநாள் மாலை கிணற்றுக் கட்டு காய்ந்து கிடந்தது. அதற்கு மறுநாளும். முற்றத்தில் சருகு சேர்ந்தது. செம்பரத்தை தலை தொங்கியது. மாயம் கலைந்துவிட்டதே என்று சின்னக் குழந்தைபோல் வருத்தப்பட்டேன். கடைக்குப் போனால் பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். கேட்டதை எடுத்துக் கொடுத்தார்கள், மரியாதையாகத்தான். "பயமில்லையோ?" என்று யாரும் கேட்கவில்லை. அந்தக் கேள்வி இல்லாத தெரு எவ்வளவு நீளம் என்று அன்றுதான் தெரிந்தது.

ஆட்டோவில் என் இடது முழங்காலுக்கு முட்டுக்கொடுக்கும் கேன் பாக்கியம் அக்காவுடையது. மூடியில் மஞ்சள் நூல் கட்டியிருக்கும். அது ஒவ்வொரு காலையும் லேசாகிக்கொண்டே வந்தது. பள்ளத்தில் இறங்கும்போது உள்ளே பால் அலம்பும் சத்தம் கேட்டது. நிறைந்த கேன் அலம்பாது.

"அக்காவோட மாட்டுக்கு உடம்பு சரியில்லீங்களா?" என்று கேட்டேன்.

தவம் ஆட்டோவை வாய்க்கால் ஓரம் நிறுத்தினார். "ஒரு விசயம் கேப்பன், கோவிக்கக் கூடாது. பாக்கியம் அக்காவோட உங்களுக்கு என்ன கோவம்?"

"எனக்கா? அவர் மேலயா?"

"பொட்டை அடைச்சுப் போட்டியளே."

வாய்க்காலில் ஒரு கொக்கு நின்றுகொண்டிருந்தது. அது பறந்துபோகும் வரை தவம் பேசினார். வேலியில் இருந்த அந்த ஓட்டைக்குப் பெயர் பொட்டு. பக்கத்து வளவுக்காரர்கள் சும்மா வந்துபோக வைப்பது. படலை வழியாக வருபவர் விருந்தாளி, பொட்டு வழியாக வருபவர் சொந்தம். சகோதரர்கள் பெரிய சண்டை போட்டுக் கொண்டாலும் பொட்டை மட்டும் கடைசியில்தான் அடைப்பார்கள். அடைத்தால், இனி உன் முகத்தில் விழிக்கமாட்டேன் என்று பொருள்.

"அதோட, அவாக்குத் தண்ணிக்கு அதுதான் வழி. சிவபாலன் அண்ணையின்ர தேப்பனும் பாக்கியம் அக்காவின்ர தேப்பனும் சேந்து வெட்டின கிணறு. நல்லா இருந்த காலத்தில ஆர் உறுதி எழுதினது? அந்தப் பொட்டுத்தான் அவாக்கு உறுதி."

உறுதி என்றால் நாம் சொல்லும் பத்திரம். ஒரு குடும்பத்தின் கிணற்றுப் பங்குக்கு இருந்த ஒரே பத்திரத்தை நான் முள்ளுக்கம்பி போட்டுக் கட்டியிருந்தேன்.

"அவங்க வந்து நான் பார்த்ததே இல்லையே!"

"புதுசாக் குடிவந்தவை கூப்பிடோணும். 'தண்ணிக்கு வாங்கோ' எண்டு நீங்கள் ஒரு சொல்லுச் சொல்லேல்லை. பால் காய்ச்சின அண்டைக்குச் சொல்லுவியள் எண்டு பாத்தவா. அதுதான் நீங்கள் வேலைக்குப் போனாப் பிறகு வந்து அள்ளுறவா. சும்மா அள்ளக் கூடாதெண்டு முற்றம் கூட்டி, மரத்துக்குத் தண்ணி விட்டு, வாளியை நிரப்பி வைச்சிட்டுப் போறவா."

எனக்கு அழுகை வந்தது. மறைக்கவில்லை. கேன்களுக்கு நடுவில் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதேன். அந்த முந்தானையில் கன்று கடித்த இடம் கிழிந்திருந்தது.

அன்று மாலையே சிவபாலனைக் கூப்பிட்டேன். தெரியாமல் நடந்துவிட்டது, நாளைக்கே பொட்டைத் திறந்துவிடுகிறேன் என்றேன்.

"ஏன் தங்கச்சி திறக்கிறியள்? நல்ல வேலையெல்லோ செய்தனீங்கள்."

பிறகு மெல்லச் சொன்னார். வளவை விற்கப் பார்க்கிறார். வாங்க வருபவர்கள் பொட்டைக் கண்டதும், கிணற்றில் யாருக்கோ பங்கு இருக்கிறது என்று பின்வாங்குகிறார்கள். அதை அடைக்கச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. "பாக்கியம் அக்கா என்னைத் தூக்கி வளத்தவா. அவான்ர முகத்துக்கு என்னெண்டு சொல்லுறது? நீங்கள் புது ஆள். தெரியாமச் செய்ததெண்டு போயிடும். சனமும் மறந்திடும்."

வேலியை முழுசா அடைப்பிச்சு விடுங்கோ என்று அவர் சொன்னது ஆடு மாட்டுக்காக அல்ல.

"நான் திறந்தா?"

"திறந்தா நீங்கள் வேற வீடு பாக்க வேண்டி வரும். கோவிக்காதேங்கோ. நானும் இஞ்ச இவ்வளவு காலமா வாடகை வீடுதான். பிள்ளையளுக்கு ஒரு சொந்த இடம் எடுக்கத்தான் இதை விக்கிறன்."

திட்ட வேண்டும் என்றுதான் வாயெடுத்தேன். கடைசி வாக்கியம் என்னைத் தடுத்துவிட்டது. வாடகை வீட்டில் காலம் போக்குபவரின் குரல் எனக்குத் தெரியும்.

விறாந்தையில் உட்கார்ந்தேன். வெயில் வயலில் இறங்கிக்கொண்டிருந்தது, அதே தூசி, அதே பனைகள். மேற்கு ஜன்னல் திறந்திருந்தது. இந்த வீட்டை விட எனக்கு மனமில்லை. அதை யாரிடம் வேண்டுமானாலும் ஒப்புக்கொள்வேன். மறுபடி லாட்ஜ் அறை, மறுபடி எதிர்ச் சுவர். நான் பேசாமல் இருந்துவிட்டால் யாரும் என்னைக் குறை சொல்லப்போவதில்லை. இந்தியாக்காரி, அவளுக்கு என்ன தெரியும் என்று விட்டுவிடுவார்கள். ஒரு குவளை மொண்டு வாயில் வைத்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் மாடு ஒன்று அடித்தொண்டையில் கத்திக்கொண்டிருந்தது. அது தாகத்தில் கத்தும் சத்தம் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். குவளையைக் கீழே வைத்தேன்.

விடிந்ததும் சின்னராசா ஐயா வீட்டு வாசலில் நின்றேன். நான் வாயைத் திறக்கும் முன்பே அவர் கத்தியை எடுத்துக்கொண்டார்.

"அடைச்ச கையே பிரிக்கோணும் எண்டு வந்தனீங்களாக்கும்."

கட்டுவதற்கு அரை நாள் எடுத்தவர் பிரிப்பதற்குக் கொஞ்ச நேரம்தான் எடுத்தார். முள்ளுக்கம்பியைச் சுருட்டித் தோளில் மாட்டியபடி சொன்னார்: "இனி ஆர் கேட்டாலும், பிரான்சில இருந்து கேட்டாலும், இந்த மூலையை அடைக்க நான் வரமாட்டன். இந்தப் பக்கத்தில வேலி அடைக்கிறது நான் ஒருத்தன்தான்." அன்றைக்கு என் தேநீரை இரண்டு கோப்பை குடித்தார். சர்க்கரையும் தாராளமாக.

"அவா வரமாட்டா. நீங்கள்தான் முதல்ல போகோணும்" என்றார் போகும்போது. "வெறுங்கையோட போகாதேங்கோ."

ஒரு வாளி தண்ணீர் இறைத்தேன். குனிந்து நுழைந்தேன். போதுமான அளவு குனியவில்லை, மேல்கட்டை நெற்றியில் நங்கென்று இடித்தது. பாதித் தண்ணீர் என் மேலேயே கொட்டியது. அந்தப் பக்கம் பாக்கியம் அக்கா மாட்டடியில் இருந்தார். ஈரச் சேலையும் வீங்கிய நெற்றியும் பாதி வாளியுமாக நான் நின்றேன்.

"தண்ணிக்கு வாங்க அக்கா" என்றேன்.

அவர் வாளியை வாங்கி மாட்டின் முன் வைத்தார். மாடு தலையை எடுக்காமல் குடித்தது. குடித்து முடிக்கும் வரை நாங்கள் இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவர் தன் தோள் துண்டை எடுத்து என் தலையைத் துவட்டினார்.

"நல்லாக் குனியணும் தங்கச்சி. எல்லாருக்கும் மொத தடவ இடிக்கும்."

"ஏன் அக்கா என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல? இத்தனை நாள் எங்க போய்த் தண்ணி எடுத்தீங்க?"

"பள்ளிக்கூடத்துக் குழாயிக்கு. சைக்கிள்ல கேன் கட்டி." அவர் துவட்டுவதை நிறுத்தவில்லை. "சிவபாலன் வளவ விக்கப் பாக்குறாருன்னு எனக்கு முன்னமே தெரியும். உங்ககிட்ட கேட்டா நீங்க தொறந்திருவீங்க. தொறந்தா உங்கள வீட்ட விட்டு எழும்பச் சொல்லுவாரு. தனியா வந்த பொம்பள, ஒரு வீடு கெடச்சு இப்பத்தான் காலு நீட்டிப் படுக்குறீங்க. அதக் கெடுக்கணுமான்னு இருந்துட்டேன்."

என் வீட்டுக்காக அவர் சைக்கிளில் தண்ணீர் சுமந்திருக்கிறார். நான் வாடகை கொடுத்து இருந்த எந்த ஊரிலும் என் வீட்டைப் பற்றி இவ்வளவு கவலைப்பட்ட ஒருவர் இருந்ததில்லை. மாட்டுக் கொட்டிலின் மரத்தூணைப் பிடித்துக்கொண்டு மறுபடி அழுதேன். கன்று வந்து மிச்ச முந்தானையை முகர்ந்தது.

சிவபாலன் கோபப்படவில்லை. மாதம் முடிய வேறு இடம் பாருங்கோ என்று அதே மரியாதையோடு சொன்னார். வீடு மாறும் நாளில் தவம் ஆட்டோவோடு படலையில் வந்து நின்றார். தேவையிருக்கவில்லை. மெத்தையைச் சுருட்டி, குக்கரை எடுத்து, துணிப்பெட்டியைப் பக்கவாட்டில் திருப்பி, எல்லாவற்றையும் பொட்டு வழியாகவே கடத்தினோம். பாக்கியம் அக்காவின் முன்னறை இப்போது என்னுடையது. ஜன்னல் ஒன்றுதான், கிழக்கே பார்த்தது. அதில் வயல் தெரியாது, மாடு தெரியும். வாடகைப் பேச்சை எடுத்தேன். அக்கா அடுப்பிலிருந்து முறைத்தார். "தண்ணி அள்ளுறது ஒங்க பொறுப்பு. அதுவே போதும்." பால் மறுபடி காய்ச்சினோம். வெள்ளைச் சுட்டிக் கன்றின் தாயின் பால். மஞ்சள் நூல் கேன் இப்போது ஆட்டோவில் அலம்பாமல் வருகிறது.

போன வாரம் காலை, பனி விலகாத நேரம், நான் கிணற்றடியில் இரண்டு வாளி நிரப்பித் திரும்பினேன். பூட்டிய அந்த வீட்டை விலைக்கு வாங்கப் பார்க்க யாரோ வந்திருந்தார்கள். தவம் சாவியோடு பின்னால் நின்றார். வெள்ளைச் சட்டை போட்டவர் ஒருவர் வேலி மூலையில், பொட்டுக்கு நேராக நின்று அதைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது என்ன தம்பி, உடைஞ்சு போய்க் கிடக்கு? இதை அடைக்கேலாதோ?"

தவம் என்னைப் பார்த்தார். என் கை இரண்டிலும் நல்ல தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது.

"அது உடையேல்லை ஐயா" என்றேன். "நாங்கள் தண்ணிக்கு வந்து போற வழி. கொஞ்சம் விலத்துங்கோ."

அவர் விலகினார். நான் நன்றாகக் குனிந்து, ஒரு சொட்டும் சிந்தாமல், வீட்டுக்குப் போனேன்.